மூன்று குளியலறை கட்டினோம், ஒரு துணிக்கொடி கட்ட இடமில்லை

காவிரிக்கரை மருமகள்:

திருச்சியில் புது வீட்டுக்குக் குடிவந்து பதினான்கு மாதம் ஆகிறது. 30க்கு 40 மனை, வடக்குப் பார்த்த வாசல், கீழே ஒரு படுக்கையறை, மேலே இரண்டு. கடன் வாங்கிக் கட்டிய வீட்டைக் குறை சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் முகம் சுருங்குகிறது. அதனால் இங்கே வந்து சொல்கிறேன்.

கீழ்த்தளத்தில் ஒரே ஒரு கழிப்பறை. அதற்கு வழி என் மாமியாரின் படுக்கையறைக்குள். கிரகப்பிரவேசத்தன்றே விஷயம் தெரிந்துவிட்டது. ஹோமம் முடிவதற்குள் அந்த அறைக்குள் வரிசை நின்றது. மொய்ப் பணம் வைத்த பீரோவும் அங்கேதான். என் நாத்தனார் பட்டுப்புடவையோடு கட்டிலில் சம்மணமிட்டுக் காவல் இருந்தார். இன்றைக்கும், ஏசி பழுது பார்க்க வந்தவர் தயங்கித் தயங்கி "பாத்ரூம் எங்கே?" என்று கேட்டால், மதியத் தூக்கத்தில் இருக்கும் மாமியாரை எழுப்பிச் சேலையைச் சரிசெய்யச் சொல்லிவிட்டுத்தான் அவரை உள்ளே அனுப்புகிறேன்.

அந்த அறை 10க்கு 11. நான்கு சுவர், நான்கிலும் ஓட்டை: ஒன்றில் அறைக் கதவு, ஒன்றில் குளியலறைக் கதவு, மற்ற இரண்டில் ஜன்னல். பீரோவை எங்கே வைப்பது? ஒரு ஜன்னலை மறைத்து வைத்திருக்கிறோம். கட்டில் இடிப்பதால் அதன் கதவும் பாதிதான் திறக்கும். மேல் தட்டில் இருக்கும் புடவையை எடுக்கக் கட்டிலில் ஏற வேண்டும்.

துணி? மொட்டைமாடியில்தான். கீழேயிருந்து முதல் மாடிக்கு 18 படி, அங்கிருந்து மொட்டைமாடிக்கு 18 படி. ஈர வாளியோடு 36 படி. ஐப்பசி அடைமழையில் ஹாலில் இருக்கும் எல்லா நாற்காலியும் பாவாடை கட்டிக்கொள்கிறது.

எல்லோரும் இப்படித்தான் கட்டுகிறார்களா, நாங்கள்தான் ஏமாந்தோமா?

செங்கல்சூளை:

சகோதரி, கோவைப் பக்கம் 22 வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். நீங்கள் சொல்வது எல்லாம் உண்மை. ஆனால் குற்றவாளிக் கூண்டில் எங்களை மட்டும் ஏற்றாதீர்கள்.

1,200 சதுர அடி மனையில் முன்னும் பின்னும் பக்கமும் விட்டது போகத் தளத்துக்கு 750 அடி கிடைக்கும். கார் நிற்க 150 போய்விடும். உள்படிக்கட்டுக்கு, ஏழங்குல ஏற்றம் பத்தங்குல மிதி என்று வைத்தாலும், சுமார் ஆறரைக்குப் பதினொன்று வேண்டும். அது 70 அடிக்கு மேல், இரண்டு தளத்திலும். இதற்குப் பிறகு "மூன்று அறை, மூன்றிலும் அட்டாச்டு பாத்ரூம், பெரிய ஹால், தனிப் பூஜையறை" என்று பட்டியல் வருகிறது. கழிப்பறையும் குளியலறையும் சேர்ந்தால் குறைந்தது 2.8 சதுர மீட்டர் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. கிட்டத்தட்ட 30 சதுர அடி. புழங்க வசதியாக 8க்கு நாலரை என்று போட்டால், சுவரையும் சேர்த்து மூன்றுக்கும் ஒரு முழு அறை காலி.

ஒரு வீட்டுக்காரரும் என்னிடம் கொடி எங்கே கட்டுவது என்று கேட்டதில்லை. டிவி எந்தச் சுவரில் என்று முதல் நாளே கேட்பார்கள்.

காவிரிக்கரை மருமகள்:

உங்களிடம் பேசியது யார் சார்? எங்கள் வீட்டில் என் கணவரும் மாமனாரும் பொறியாளரும்தான் வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். ஒரே ஒரு தடவை "மேடை எவ்வளவு உயரம்?" என்று கேட்டேன். "வழக்கமான உயரம்தான்மா" என்றார். என் உயரம் நாலடி பத்தங்குலம். இன்று சப்பாத்தி தேய்க்க மணை போட்டு ஏறி நிற்கிறேன். வாளி தூக்குகிறவளிடம் கேட்டிருந்தால் முதலில் கொடியைத்தான் சொல்லியிருப்பாள்.

செங்கல்சூளை:

அது நியாயம். வாங்கிக்கொள்கிறேன்.

ரேழி:

இதற்கெல்லாம் எங்கள் பாட்டனார் எப்போதோ வழி சொல்லிவிட்டார். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை. வெளியாள் திண்ணையோடு சரி. துணி முற்றத்திலோ கொல்லையிலோ காயும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போகும். யார் படுக்கையறையையும் யாரும் கடக்க வேண்டாம். கும்பகோணத்தில் எங்கள் பழைய வீட்டில் சித்திரை மாதத்துப் பகலில்கூடக் கூடத்தில் பாயை விரித்தால் தூக்கம் வரும். அட்டாச்டு பாத்ரூம் என்ற ஆசைதான் வீட்டைக் கெடுத்தது. படுக்கிற இடத்துக்குள் கக்கூஸை வைத்துவிட்டு அதற்கு டைல்ஸும் ஒட்டிப் பெருமைப்படுகிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

நானும் கும்பகோணத்துப் பழைய வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். முற்றத்தைச் சொன்னீர்கள், சரி. கழிப்பறை எங்கே இருந்தது என்பதையும் சொல்லுங்களேன். கொல்லைக் கோடியில். இரவில் அரிக்கேன் விளக்கோடு, கிணற்றடிப் பாசியில் வழுக்காமல் நடந்து போக வேண்டும். என் அம்மா கடைசி மூன்று வருடமும் மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

கொல்லைக்குப் பின்னால் ஒரு சந்து இருந்ததே, அது எதற்கு, அதில் யார் வந்தார்கள்? உலர் கழிப்பறையையும் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது. அந்தச் சந்தும் சேர்ந்ததுதான் அந்த வீடு.

எனக்கு இப்போது 67 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இரவில் மூன்று முறை எழுந்திருக்கிறேன். கட்டிலிலிருந்து ஏழு அடியில் கழிப்பறை. அதை ஆசை என்று சொல்கிறவர், எழுபது வயதில் வந்து என்னிடம் பேசட்டும்.

ரேழி:

அந்தச் சந்து பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை டீச்சர். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முற்றத்தை மட்டும்தான் கேட்கிறேன். 8க்கு 8 இருந்தால் போதாதா?

செங்கல்சூளை:

64 அடி. இரண்டு தளமும் சேர்ந்தால் 128. சரி, வீட்டுக்காரர் மனதுவைத்துக் கொடுத்தார் என்றே வையுங்கள். நான் கட்டிய ஆறு முற்றத்தின் கதையைச் சொல்கிறேன். முதல் மழையில் சாரல் ஹாலுக்கு வரும். குரங்குக்கும் திருடனுக்கும் பயந்து கம்பி போடுவார்கள். இரண்டாவது வருடம் மேலே பாலிகார்பனேட் தகடு. அதோடு அது முற்றம் இல்லை, அடுப்பு. பக்கவாட்டில் காற்றுப் போக இடைவெளி விட்டுக் கூரையைத் தூக்கிப் போடுங்கள் என்று கெஞ்சினாலும், தூசி வரும் என்று அதையும் அடைத்துவிடுவார்கள். ஆறில் ஐந்து இப்படித்தான் முடிந்தது.

ஈசானிய மூலை:

மனை விற்று வாங்கும் தொழிலில் இருக்கிறேன். ஒரு நடைமுறை விஷயம். வாங்க வருகிறவர் முதலில் கேட்பது வாசல் எந்தத் திசை, அடுப்பு அக்னி மூலையில் இருக்கிறதா, பெரிய படுக்கையறை கன்னி மூலையில் இருக்கிறதா என்பதுதான். அடுத்த கேள்வி எத்தனை பாத்ரூம். கொடி கட்ட இடம் இருக்கிறதா என்று கேட்டு யாரும் விலை பேசியதில்லை. நாளைக்கு மகன் வெளிநாடு போனால், மகள் கல்யாணம் என்றால், விற்கத்தானே வேண்டும்? சகோதரியின் வீடு வாஸ்துப்படி சரியாகக் கட்டப்பட்டது போலத் தெரிகிறது. அதன் மதிப்பு அவருக்குத் தெரியவில்லை.

காவிரிக்கரை மருமகள்:

தெரிகிறது ஐயா, இரவு பத்து மணிக்கு நன்றாகவே தெரிகிறது. கன்னி மூலை என்றால் தென்மேற்கு. மேற்குப் பக்கத்து மனை காலி. மதியம் ஒரு மணியிலிருந்து அந்தியில் அடங்கும்வரை அத்தனை வெயிலையும் அந்த ஒன்பதங்குலச் சுவர் குடித்து வைத்துக்கொள்கிறது. விளக்கை அணைத்த பிறகு உள்ளே விடுகிறது. கையை வைத்தால் இட்லிப் பானையைத் தொட்டதுபோல இருக்கும்.

ஆடிக் காற்று எங்கள் ஊரில் மேற்கிலிருந்துதான் அடிக்கும். அதற்காவது நல்ல ஜன்னல் வையுங்கள் என்றால், கன்னி மூலையில் பாரம்தான் இருக்க வேண்டும், பெரிய திறப்பு கூடாது என்று வாஸ்து பார்த்தவர் சொல்லிவிட்டார். ஆகவே மேற்கே இரண்டடிக்கு இரண்டடி ஜன்னல். பாரத்துக்கு அதன் முன்னால் பீரோ. பொறியாளர் ஒன்று வரைந்தார், வாஸ்துக்காரர் வந்து ஒன்றை அழித்தார். இரண்டு பேருக்கும் பணம் கொடுத்தோம். இரண்டு பேரும் அந்த அறையில் ஒரு மே மாத இரவைக் கழித்தது கிடையாது.

நாங்கள் விற்பதற்காகக் கட்டவில்லை. இருபது வருடக் கடன்.

ஈசானிய மூலை:

எல்லோரும் விற்பதற்கில்லை என்றுதான் சொல்வார்கள்.

அஞ்சறைப் பெட்டி:

இடையில் ஒன்று. திறந்த சமையலறை கட்டிக்கொண்டு நான் படும் பாட்டையும் எழுதிவைக்கிறேன். வற்றல் தாளித்தால் ஹாலில் செய்தி பார்க்கிறவர் இருமுகிறார். புகைபோக்கி இருக்கிறது, ஓடும்போது குக்கர் விசில் காதில் விழாது. டிவி திரையில் விரலை வைத்து இழுத்தால் எண்ணெய். சுவர் வேண்டும் என்றதற்கு "அதெல்லாம் பழைய பாணி" என்றார்கள். மீன் வறுக்கிற வீட்டில் பாணி என்ன வேண்டிக் கிடக்கிறது?

ரேழி:

அதைத்தான் நானும் சொல்கிறேன். நம் சமையலுக்கும் மழைக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லாத வரைபடத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறார்கள். முன்பாவது வரைபட அனுமதி தருகிற அலுவலகத்தில் ஒருவர் பார்ப்பார். 2024 ஜூலையிலிருந்து அதுவும் இல்லை. சுயசான்றிதழ் என்று இணையத்தில் ஏற்றினால் அன்றே அனுமதி.

செங்கல்சூளை:

அந்தத் திட்டத்தின்மேல் பழி போடாதீர்கள் ஐயா. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் சுயசான்றிதழ். சிறிய வீடு கட்டுகிறவர் மாதக்கணக்கில் அலைந்தது குறைந்தது. அதற்கு முன்பு கோப்பைப் பார்த்த அலுவலர் மட்டும் உங்கள் பீரோ எங்கே நிற்கும் என்றா பார்த்தார்? பக்கத்தில் எத்தனை அடி விட்டிருக்கிறீர்கள், உயரம் எவ்வளவு என்பதுதான் அங்கே கணக்கு. உள்ளே எப்படி வாழ்வது என்பதை அன்றும் யாரும் பார்க்கவில்லை.

என் தொழிலின் பிழையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வரைகிற கட்டில் படம் பெரும்பாலும் சின்னது. ஆறுக்கு ஆறரை மெத்தை வாங்குகிறவருக்கு ஐந்தடிக் கட்டிலைப் போட்டுக் காட்டினால் அறை விசாலமாகத் தெரியும். பீரோவை வரைவதே இல்லை. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்ற வளைவுக் கோட்டை வீட்டுக்காரர் பார்ப்பதும் இல்லை. இப்போது நான் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பு மனையிலேயே சுண்ணாம்பால் அறைகளைக் கோடு போட்டு, வீட்டிலிருக்கும் பெண்களை அழைத்து நடந்து பார்க்கச் சொல்கிறேன். போன மாதம் ஒரு அம்மா கோட்டுக்குள் நின்று, முறத்தில் அரிசி புடைப்பதுபோலக் கையை விரித்துக் காட்டினார். சமையலறையை ஒட்டிய வேலைப் பகுதியின் அகலம் ஒரு அடி கூடியது. ஹால் ஒரு அடி குறைந்ததில் அவர் மகனுக்கு இன்னும் வருத்தம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

சகோதரியின் பிரச்சினைக்கு வருவோம். கீழே ஒரு கழிப்பறை போதும். படுக்கையறையிலிருந்து ஒரு கதவு, வெளியிலிருந்து ஒரு கதவு வைக்க முடியாதா?

செங்கல்சூளை:

அந்தக் குளியலறை எங்கே இருக்கிறது?

காவிரிக்கரை மருமகள்:

மேற்கு ஓரம். தெற்கே மாமியார் அறை, வடக்கே கார் நிற்கும் இடம். கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு மேசை. அந்தச் சுவரில்தான் உட்புறம் வாஷ்பேசின்.

செங்கல்சூளை:

தூண் எழுப்பிக் கட்டிய வீடு என்றால் அந்தச் சுவர் பாரம் தாங்குவது இல்லை. தட்டிப் பாருங்கள், நாலரை அங்குலம்தான் இருக்கும். வாஷ்பேசினைக் கழற்றி வெளியே சாப்பிடுகிற பக்கம் வைத்துக்கொள்ளலாம், அதே கழிவுநீர்க் குழாயில் சாய்வு பார்த்து இணைக்கலாம். அங்கே இரண்டரையடிக் கதவு. டைல்ஸ் உடைகிற இடத்தில் நீர்க்காப்புப் பூச்சை மறுபடி செய்யாவிட்டால் ஆறு மாதத்தில் சுவர் ஊறும், அதை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். நான்கைந்து நாள் வேலை.

ஈசானிய மூலை:

சாப்பிடும் இடத்துக்கு நேரே கழிப்பறைக் கதவா? விற்கும்போது இதை முதலில் கேட்பார்கள்.

காவிரிக்கரை மருமகள்:

சாப்பாட்டு மேசையை நகர்த்திவிடலாம் ஐயா, மாமியாரை நகர்த்த முடியாது.

நேற்று இரவு இதை அவரிடமே கேட்டேன். "எதற்கு வீண் செலவு? வருகிறவர்கள் என் அறை வழியாகப் போவதால்தான் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறார்கள். நீ வெளியே கதவு வைத்துவிட்டால் என்னை யார் எட்டிப் பார்ப்பார்கள்?" என்றார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

கதவை வையுங்கள். பேச வருகிறவர்கள் பேசத்தான் வரட்டும், கழிப்பறைக்கு வந்த வழியில் வேண்டாம். பகலில் அவர் உட்கார ஹாலில் வாசல் தெரிகிற மாதிரி ஒரு சாய்வு நாற்காலி போடுங்கள்.

செங்கல்சூளை:

கதவு வைப்பதானால் ஒரு எச்சரிக்கை. இரண்டு கதவு என்றால், விருந்தாளி உள்ளே போய் இரண்டு தாழ்ப்பாளையும் போடுவார், தான் வந்த கதவை மட்டும் திறந்துகொண்டு போய்விடுவார். இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து தன் பக்கத்துக் கதவைத் தள்ளினால் திறக்காது. அந்தக் கதவுக்கு வெளியிலிருந்தும் நாணயத்தை வைத்துத் திருகித் திறக்கும் பூட்டாகக் கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணத் தாழ்ப்பாளைக் கொடுத்தால் வாங்கி வராதீர்கள்.