தழும்போட வாழுற ஆக்கள் ஒருக்கா கதையுங்கோ

வணக்கம் அக்காமார், அண்ணாமார். என்ர மகளுக்கு 16 வயசு. ரெண்டு வருசத்துக்கு முன்னம் குப்பிவிளக்குச் சரிஞ்சு கழுத்தும் இடது கன்னமும் எரிஞ்சது. காயம் ஆறீட்டுது. தடிச்ச தழும்புக்குச் சிலிக்கோன் ஜெல் பூசுறம், வெயில் படாமல் பாக்கிறம். ஆனால் நல்லூர்த் திருவிழா 25 நாளும் பிள்ளை வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை.

போன கிழமை மினிபஸ்ஸில ஒரு அம்மா, "ஐயோ, இனி ஆர் இவளைக் கட்டுவினம்?" எண்டு அவளுக்கு முன்னாலேயே கேட்டா. ஷோலை இழுத்துக் கழுத்தை மூடினவள், இறங்குமட்டும் கையை எடுக்கேல்லை.

சனம் இப்பிடிக் கேக்கேக்க நீங்கள் என்ன சொல்லுறனீங்கள்? ஷெல்லடியில காயப்பட்ட ஆக்கள் எங்கட ஊரில எத்தினை பேர், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். யாழ்ப்பாணத்தில நல்ல பெண் உளவள ஆலோசகர் ஆரும் இருந்தாலும் சொல்லுங்கோ. தழும்புள்ள ஒரு அக்கா வந்து அவளோட பக்கத்தில இருந்து கதைச்சாலே எனக்குக் காணும்.