ஆடிப் பட்டத்துக்கு முன்: டிசம்பர் நிழல் எங்கே விழும் என்று இப்போதே தெரிந்துகொள்ள வழி உண்டா?

வடக்குபால்கனி:
சென்னை, முதல் மாடி. ஜூன் தொடங்கிவிட்டது, வடக்குப் பார்த்த பால்கனியில் காலையும் மாலையும் நல்ல வெயில். மொட்டை மாடியில் தெற்கே 3 அடி கைப்பிடிச் சுவர். அதற்கு அப்பால் 3 அடி சந்து, பிறகு பக்கத்து வீட்டுச் சுவர். எங்கள் மாடித் தரையிலிருந்து 10 அடி உயரம், நீளமான சுவர். தக்காளி, கத்தரி, அவரை போட வேண்டும். தொட்டிகளை எங்கே வைப்பது? இப்போதைய வெயிலை நம்பலாமா?

நிழற்கோல்:
நம்பாதீர்கள். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அதிலிருந்து ஆகஸ்ட் 18 வரை நண்பகலில் வடக்கே சாய்ந்திருக்கும். காலையிலும் மாலையிலும் பால்கனிக்கு வெயில் வருவது, இப்போது சூரியன் கிழக்குக்கும் மேற்குக்கும் சற்று வடக்கே தள்ளி உதித்து மறைவதால். செப்டம்பர் 23 தாண்டினால் மார்ச் 20 வரை அங்கே நேர்வெயில் ஒரு நிமிடம்கூட வராது. ஆடியில் விதைத்த தக்காளி நாற்றை எடுத்து நட்டு, பூ வைக்கும் நேரத்தில் வெயில் போய்விடும். செடி நெட்டையாக வளரும், காய் பிடிக்காது. பால்கனியைப் புதினாவுக்கும் வெற்றிலைக்கும் விட்டுவிடுங்கள்.

மாடிக்குக் கணக்கு இது. டிசம்பர் 21-ல் நண்பகல் சூரியனின் உயரம் தெற்கே சுமார் 53½ டிகிரி. சுவரின் உயரத்தை 0.74-ஆல் பெருக்கினால் நிழல் வடக்கே எவ்வளவு வரும் என்று தெரியும். ஆனால் காலை 9-க்கும் மாலை 3-க்கும் அது ஏறக்குறைய உயரத்துக்குச் சமமாக நீளும். ஆறு மணி நேர வெயில் வேண்டுமென்றால் இந்தக் கணக்கைத்தான் எடுக்க வேண்டும். இலை மட்டம் 2 அடி என்று வைத்தால் சுவரில் மிச்சம் 8 அடி. சந்து 3 அடியைக் கழித்தால் 5. கைப்பிடிச் சுவரிலிருந்து 5 அடி தள்ளி வையுங்கள். தரையில் படரும் செடிக்கு 7 அடி. தொட்டியை ஓர் அடி ஸ்டாண்டில் ஏற்றினால் ஓர் அடி மிச்சம்.

பலரும் தரையில் விழும் நிழலைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். வெயில் வேண்டியது இலைக்கு.

கீரைப்பாத்தி:
கணக்கு சரி. கண்ணால் பார்க்க ஆசையென்றால் ஆனி பௌர்ணமி இரவு மாடிக்குப் போங்கள். முழுநிலவு சூரியனுக்கு நேர் எதிரே நிற்பதால், ஆனி நிலவு ஏறக்குறைய மார்கழிச் சூரியனின் பாதையில் போகும். நள்ளிரவில் விழும் நிலா நிழல்தான் டிசம்பர் நண்பகல் நிழல். 5 டிகிரி வரை முன்பின் இருக்கலாம். இடம் குறிக்க அது போதும்.

பகலில் குறிப்பதானால் 8 முதல் 5 வரை மணிக்கொரு முறை நிழல் விளிம்பைச் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து, பக்கத்தில் மணியை எழுதுங்கள். மாதம் ஒரு நாள், ஜூன் முதல் டிசம்பர் வரை போதும். மீதி ஆறு மாதமும் அதே கோடுகள் திரும்பி வரும்: அக்டோபர் 21 நிழலும் பிப்ரவரி 20 நிழலும் ஏறக்குறைய ஒன்றே, கடிகார மணி மட்டும் அரை மணி நேரம் போல மாறும். தண்ணீர்த் தொட்டியின் நிழலை மறக்காதீர்கள். அது நாள் முழுக்க நகரும்.

திசைக்குப் போனை நம்ப வேண்டாம். தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி அதன் திசைகாட்டியைத் திருப்பிவிடும். வீட்டு வரைபடத்தில் வடக்கு குறித்திருக்கும், அதைப் பாருங்கள்.

வடக்குபால்கனி:
மேற்குச் சுவரோரம் இடம் நிறைய இருக்கிறது. அங்கே வைக்கலாமா?

கீரைப்பாத்தி:
சுவர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. மாடியின் மேற்கு ஓரக் கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் என்றால் மாலையில் நிழல், பயமில்லை. படிக்கட்டு அறையின் மேற்குச் சுவர் என்றால் வெயில் மதியத்துக்கு மேல் நேராக அடித்து, சுவர் சூடேறி இரவிலும் கக்கும். சித்திரை, வைகாசியில் தக்காளிப் பூ உதிரும். இரண்டடி தள்ளி வைத்து, அந்த இரண்டு மாதம் மட்டும் 50 சதவீத ஷேட் நெட் கட்டுங்கள். ஆனியில் கழற்றிவிடுங்கள்.

நிழற்கோல்:
அவரை நாட்டு ரகமா? அப்படியானால் பகல் குறுகினால்தான் பூக்கும். ஐப்பசிக்கு முன் பூ இல்லையென்று உரத்தைக் கொட்டாதீர்கள். பந்தலை மாடியின் வடக்கு ஓரத்தில் போடுங்கள். தெற்கே போட்டால் கார்த்திகையில் அதன் நிழல் முழுக்க உங்கள் கத்தரி மேல்தான் விழும்.