சு-30 மாதிரியின் விமானி அறை மூடியில் நீங்காத மங்கல்: ஆலோசனை தேவை

ஏற்காட்டில் 1/72 அளவிலான சுகோய் சு-30 போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றைக் கட்டி வருகிறேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து அதன் விமானி அறை மூடியை மெருகேற்றும் வேலை அப்படியே நிற்கிறது. மூடி, அடிப்பகுதியைவிட நடுவில் புடைத்திருப்பதால் அதை வார்க்கும் அச்சைப் பக்கவாட்டில் பிரித்தே எடுக்க முடியும்; ஆகவே உச்சியின் நெடுக ஒரு மெல்லிய கோடு விழுந்துவிடுகிறது.

அந்தக் கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டியபின், 1000, 1500, 2000 எண் உப்புத்தாள்களால், எண் மாறும்போதெல்லாம் தேய்க்கும் திசையையும் மாற்றி, தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். கோடு மறைந்தது, பால் படர்ந்தாற்போன்ற மங்கல் தங்கிவிட்டது. (மலையின் மூடுபனி காரணமன்று, உலர்த்தி விளக்கடியில் பார்த்தாலும் அப்படியேதான் இருக்கிறது.) வெள்ளைப் பற்பசை ஓரளவு உதவியது. சேலத்தில் கார் பெயின்ட் கடையொன்றில் வாங்கிய ரப்பிங் காம்பவுண்ட் மங்கலைக் குறைத்தாலும், மறுநாளே மூடியின் ஓரத்தில் மயிரிழை விரிசல்கள் தோன்றின. மூடி செய்யப்பட்ட தெளிவான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் பெட்ரோலியக் கரைப்பான்களைத் தாங்காது. அந்த டப்பாவிலோ மண்ணெண்ணெய் வாடை பலமாகவே அடிக்கிறது. எனவே அதை நிறுத்திவிட்டேன். விரிசல்கள் சட்டத்துக்கான வண்ணத்தின் அடியில் மறைந்துவிடும் என்பதால் அவை எனக்குப் பொருட்டல்ல. 2000-ஐவிட நுண்ணிய உப்புத்தாள் நான் கேட்ட கடைகளில் இல்லை; மூடி மட்டும் தனி உதிரியாகவும் கிடைக்கவில்லை.

2000 எண் தாள் விட்ட கீறல்களை நீக்கக்கூடிய, பெட்ரோலியக் கரைப்பான் கலவாத மெருகுப் பசை சேலத்தில் எந்த வகைக் கடையில் கிடைக்கும்?