எழுதத் தெரியாதவர் 115 நாவல் எழுதினாரா? ஆய்வாளர்கள் பதில் சொல்லட்டும்

ஆய்வேட்டுக்காரி:
பெண் எழுத்தாளர்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுகள் குறித்த பேச்சில் கறார்வாசகன் நேற்று எழுதியது இது: "வை.மு.கோதைநாயகி அம்மாளுக்கு எழுதவே தெரியாது. சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். ஆனாலும் 115 நாவல் என்று ஆய்வேடுகள் ஒப்பிக்கின்றன. பெண் எழுத்தாளர் ஆய்வு என்பதே துதிபாடல்தான்." படித்ததிலிருந்து கொதிப்பு அடங்கவில்லை. ஐந்தரை வயதில் கல்யாணம் ஆனவர், பள்ளிக்கூடம் போகாதவர். முதல் நாடகமான இந்திரமோகனாவை அவர் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். உண்மைதான். அப்புறம் எழுதக் கற்றுக்கொண்டார். 1925இல் ஜகன்மோகினி இதழைத் தன் கையில் எடுத்தார், வைதேகியில் தொடங்கி அதில் நாவல்களைத் தொடராக வெளியிட்டார். முதல் படியை மட்டும் காட்டி மாடியே இல்லை என்கிறீர்கள்.

கறார்வாசகன்:
கொதிப்பு ஆய்வாகாது அம்மா. நான் கேட்டது ஒரே கேள்வி. பேனாவைப் பிடித்தது யார்? 115 நாவலுக்கும் அவர் கையெழுத்துப் படி இருக்கிறதா? இருந்தால் எந்த நூலகத்தில்?

ஆய்வேட்டுக்காரி:
இதே கேள்வியை எந்த ஆண் எழுத்தாளரிடமாவது கேட்டிருக்கிறீர்களா? அந்தக் காலத்துத் தொடர்கதைக்காரர்கள் பலரின் கையெழுத்துப் படியும் அச்சகத்தோடு போய்விட்டது. வியாசர் சொல்லப் பிள்ளையார் எழுதினார் என்று ஊரே சொல்கிறது, பாரதம் பிள்ளையாருடையது என்று யாரும் சொல்வதில்லை. பார்வை போன பிறகு ஆங்கிலக் கவிஞர் மில்டன் தன் காவியத்தைச் சொல்லித்தான் எழுத வைத்தார். அவரை எழுத்தாளர் பட்டியலிலிருந்து யாராவது எடுத்தார்களா? ஒரு பெண் ஒரே ஒரு நாடகத்தைச் சொல்லி எழுத வைத்தால் மட்டும் வாழ்நாள் முழுக்கச் சந்தேகம்.

கறார்வாசகன்:
மில்டனுக்கு எழுதத் தெரியும், பார்வைதான் போனது. இவருக்கு எழுதவே தெரியாது. இரண்டும் ஒன்றா?

ஓய்வுபெற்ற நெறியாளர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் பல ஆய்வேடுகளுக்கு நெறியாளராக இருந்தவன். கறார்வாசகன் துதிபாடல் என்று சொன்னதில் நியாயம் உண்டு. எந்த ஆய்வேட்டைத் திறந்தாலும் இயல் ஒன்று வாழ்வும் படைப்பும், அடுத்தது பாத்திரப்படைப்பு, அப்புறம் சமுதாயச் சிக்கல்கள், கடைசியில் மொழிநடையும் உத்திகளும். எழுத்தாளர் பெயரை மாற்றினால் வேறு ஆய்வேடு. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் போய்ப் பாருங்கள்.

ஆய்வேட்டுக்காரி:
ஐயா, அந்த அச்சை வார்த்தது யார்? மாணவியா? இயல் பகுப்பில் கையெழுத்துப் போடுவது நெறியாளர்தானே. ராஜம் கிருஷ்ணனின் கரிப்பு மணிகள் நாவலை எடுத்துக்கொண்டு தூத்துக்குடி உப்பளத்துக்கே போய், அந்த வேலை செய்யும் பெண்களிடம் பேசி ஓர் இயல் எழுதுகிறேன் என்றேன். "கள ஆய்வெல்லாம் சமூகவியல் துறைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ பாத்திரப்படைப்பை எழுது" என்று என் நெறியாளர் சொன்னார். நாவலாசிரியர் கதைக்களத்துக்கே போய் மக்களோடு பழகி எழுதியவர். அவரை ஆய்வு செய்கிற நான் மட்டும் நூலக மேசையில் உட்கார்ந்து "இந்தப் பாத்திரம் இரக்க குணமுடையது" என்கிற மாதிரி எழுத வேண்டுமாம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஓய்வுபெற்ற நெறியாளர்:
உங்கள் நெறியாளர்மீது உள்ள வருத்தத்தை என்மேல் ஏற்ற வேண்டாம். மூன்றாண்டில் முடித்துக்கொடு என்று மாணவர்களே வந்து நிற்பார்கள். உதவித்தொகை நின்றுவிடும். கள ஆய்வுக்குப் பணம் யார் தருவது?

குறுந்தொகை நேசன்:
நீங்கள் எல்லோரும் இருபதாம் நூற்றாண்டிலேயே நிற்கிறீர்கள். சங்கப் பெண்பாற் புலவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே இன்னும் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஒருவர் முப்பதுக்குக் கீழே சொல்கிறார், இன்னொருவர் நாற்பதுக்கு மேலே சொல்கிறார். முதலில் அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள்.

கறார்வாசகன்:
நன்றி நேசன். எண்ணே தெரியாமல் ஆய்வு. அங்கேயும் இப்படி, 115லும் இப்படி.

ஆய்வேட்டுக்காரி:
எண் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. பெயரை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று முடிவு செய்ய வேண்டிய புலவர்கள் பலர். வெள்ளிவீதியாரைப் பற்றிச் சண்டை இல்லை. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தையே பாடியவர், அவரைப் பற்றியும் சண்டை இல்லை. வேறு சான்றே கிடைக்காத பெயர்களில்தான் எண் கூடும், குறையும். அதற்காக ஆய்வே பொய் என்றால், அந்தப் பெயர்களைக் கேள்வி கேட்காமல் ஆண்கள் கணக்கில் சேர்த்ததும் பொய்தானே?

குறுந்தொகை நேசன்:
ஐயம் இருந்தால் ஆண் என்று கொள்வதுதான் மரபு.

ஆய்வேட்டுக்காரி:
யாருடைய மரபு? எந்த உரையாசிரியர் அப்படி விதி வகுத்தார்? இடம் காட்டுங்கள்.

குறுந்தொகை நேசன்:
எல்லோருக்கும் தெரிந்ததற்கு இடம் காட்டச் சொல்வது வம்பு.

பழைய இதழ் சேகரிப்பவன்:
சங்க காலத்தை விடுங்கள். என்னிடம் ஜகன்மோகினி இதழ்கள் சில இருக்கின்றன. ஆய்வு செய்கிறேன் என்று வருகிறவர்கள் அட்டையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். உள்ளே வாசகர் கடிதம், விளம்பரம், ஆசிரியர் எழுதிய பத்தி எல்லாம் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. ஒருவர் வாங்கிப்போன இதழைத் திருப்பித் தரவே இல்லை. அவர் இந்த இழையைப் படிக்கிறார் என்றும் எனக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற நெறியாளர்:
என்னைச் சொல்கிறீர்களா?

பழைய இதழ் சேகரிப்பவன்:
பெயர் சொல்லவில்லை.

ஆய்வேட்டுக்காரி:
இதழ் விஷயம் முக்கியம், அதைச் சண்டையில் தொலைத்துவிடாதீர்கள். மூலம் கிடைக்காமல் வாழ்வும் இல்லை, படைப்பும் இல்லை. எழுத்தாளர் அம்பை 1984இல் தமிழ் இலக்கியத்தில் பெண்கள் பற்றிய தன் ஆய்வை ஆங்கிலத்தில் நூலாக்கினார். 1988இல் மும்பையில் ஸ்பாரோ என்ற ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். பெண்களின் குரல் பதிவு, நேர்காணல், படம் என்று அங்கே சேர்த்தார்கள். அந்த வேலையைத் தமிழ்த் துறைகள் அல்லவா முதலில் செய்திருக்க வேண்டும்? மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை நம்மில் பலர் 2022 வரை இருந்த திருமண உதவித் திட்டத்தின் பெயராகத்தான் அறிவோம். 1936இல் தாசிகள் மோசவலை என்ற நாவலை எழுதியவர் அவர். தேவதாசி முறைக்குள் இருந்து வெளியே வந்து, அதை ஒழிக்கப் போராடிய பெண் எழுதிய நாவல். அதில் வாழ்வு எது, படைப்பு எது என்று கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டுங்கள் பார்க்கலாம். அவர் வாழ்வைத் தேடி எழுதியவர்களைத் துதிபாடிகள் என்பீர்களா?

கறார்வாசகன்:
இராமாமிர்தம் அம்மையாரைப் பற்றி நான் பேசவே இல்லை. பேச்சை மாற்றாதீர்கள். கோதைநாயகிக்கு எழுதத் தெரியுமா தெரியாதா?

ஆய்வேட்டுக்காரி:
தெரியாது, பிறகு தெரிந்தது. எத்தனை முறை சொல்வது? விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனபோதும் எழுதினார். அங்கே எந்தத் தோழி பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாராம்? கணவர் பார்த்தசாரதி துணையாக இருந்தார் என்பதையும் ஆய்வேடுகள் மறைக்கவில்லை. துணையாக இருந்தார் என்றால் அவரே எழுதினார் என்று பொருளா? மனைவி படியெடுத்துக் கொடுத்து, பிழை திருத்திக் கொடுத்து, சோறும் போட்டு எழுத வைத்த ஆண் எழுத்தாளர்கள் எத்தனை பேர். அந்த மனைவிகளின் பெயரை அட்டையில் போடலாமா?

குறுந்தொகை நேசன்:
115 நாவலில் இன்று எத்தனை வாசிக்கத் தகும்? அதையும் சொல்லுங்கள்.

ஆய்வேட்டுக்காரி:
நீங்கள் எத்தனை வாசித்தீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்.

குறுந்தொகை நேசன்:
நான் சித்தி படம் பார்த்திருக்கிறேன்.

ஆய்வேட்டுக்காரி:
அதுவும் அவர் கதைதான். 1966இல் வந்த படம், தயாநிதி என்ற நாவல். படம் பார்த்துவிட்டு நாவலுக்கு மதிப்பெண் போடுகிறீர்கள்.

ஓய்வுபெற்ற நெறியாளர்:
இதழ் திருடினேன் என்று மறைமுகமாக எழுதியதற்குச் சேகரிப்பவர் இன்னும் விளக்கம் தரவில்லை. நான் காத்திருக்கிறேன்.

பழைய இதழ் சேகரிப்பவன்:
திருட்டு என்ற சொல்லை நான் எழுதவில்லை, நீங்கள்தான் எழுதுகிறீர்கள்.

கறார்வாசகன்:
இவ்வளவு நீளமாகப் பேசியும் கையெழுத்துப் படி எங்கே என்பதற்குப் பதில் வரவில்லை. என் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆய்வேட்டுக்காரி:
நிற்கட்டும். மணிக்கொடி இதழில் எழுதியவர்கள் ஒவ்வொருவரின் கையெழுத்துப் படியும் எங்கே இருக்கிறது என்று நீங்கள் பட்டியல் போடுங்கள். அதே அளவுகோலில் நானும் கோதைநாயகியின் படியைத் தேடித் தருகிறேன். சேகரிப்பவரே, உங்களிடம் எந்தெந்த ஆண்டு இதழ்கள் இருக்கின்றன? நெறியாளரிடம் பிறகு சண்டை போடுங்கள், முதலில் இதைச் சொல்லுங்கள்.

பழைய இதழ் சேகரிப்பவன்:
போன இதழ் திரும்பி வந்த பிறகு சொல்கிறேன்.