வரைபடம் இருந்தும் அழிந்த ஆர்மெரோ

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

பேரிடர்த் தணிப்புக்கு நிதி ஒதுக்குவது குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம் கருவிகளைப் பற்றியே பேசுகிறோம். அவற்றின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் கருவி கண்டது மக்களின் காதுக்கு எட்டாமலோ, எட்டியும் உறைக்காமலோ போனால் என்ன ஆகும் என்பதற்குக் கொலம்பியாவின் ஆர்மெரோ நகரம் சாட்சி.

நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை ஏறத்தாழ ஓராண்டாக உறுமிக்கொண்டிருந்த நிலையில், சேற்று வெள்ளம் எந்தெந்தப் பள்ளத்தாக்குகளில் இறங்கும் என்று காட்டும் வரைபடத்தை அறிவியலாளர்கள் 1985 அக்டோபரிலேயே வரைந்திருந்தார்கள். ஆர்மெரோ அதில் ஆபத்துப் பகுதிக்குள்தான் இருந்தது. நவம்பர் 13 அன்று பிற்பகலில் ஊர்மேல் சாம்பல் விழுந்தபோதும், பதற்றமின்றி வீட்டிலேயே இருக்கும்படிதான் மக்களுக்குச் சொல்லப்பட்டது. இரவு ஒன்பது மணியளவில் மலை வெடித்தது. உச்சியிலிருந்த பனி உருகி, சாம்பலையும் பாறைகளையும் வாரிக்கொண்டு ஆற்றுப் பள்ளத்தின் வழியே பாய்ந்த சேறு, ஆர்மெரோவை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. பக்கத்து மேட்டுக்கு நடந்தே ஏறியிருக்கலாம். அன்றிரவு சுமார் 23,000 பேர் மாண்டார்கள்.

வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் காட்டுவது மட்டும் போதாது, சேற்று வெள்ளமும், கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்து மலைச்சரிவில் பாய்ந்திறங்கும் நெருப்பு மேகமும் எப்படி வரும் என்பதைக் கண்ணாலேயே காட்ட வேண்டும் என்று, பிரெஞ்சு எரிமலையியலாளர் மொரிஸ் கிராஃப்ட் தாம் படமெடுத்த காட்சிகளைத் தொகுத்து ஒரு காணொளியை உருவாக்கினார். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை சுமார் 500 ஆண்டு உறக்கம் கலைந்து விழித்தபோது, நம்ப மறுத்த அதிகாரிகளுக்கும் குடிமக்களுக்கும் அந்தக் காணொளி காட்டப்பட்டது. கூடவே, ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்ட எச்சரிக்கை நிலைகள் அறிவிக்கப்பட்டன. ஒவ்வோர் எண்ணும், வெடிப்பு எவ்வளவு விரைவில் நேரக்கூடும் என்பதை எல்லோருக்கும் விளங்கும்படி சொன்னது. ஜூன் 15இல் மலை வெடிப்பதற்கு முன்பே பல்லாயிரக்கணக்கானோர் வெளியேறிவிட்டார்கள். குறைந்தது 5,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பது அறிவியலாளர்களின் கணிப்பு. அப்போதும் சில நூறு பேர் இறந்தார்கள். அதே நாளில் வந்த புயல் மழையில் நனைந்து கனத்த சாம்பலைத் தாங்காமல் கூரைகள் இடிந்ததே அதற்குப் பெருங்காரணம். கிராஃப்ட் இதைக் காண இருக்கவில்லை. பன்னிரண்டு நாள் முன்னதாக, ஜப்பானின் உன்சென் எரிமலையில் நெருப்பு மேகம் அவரையும் அவர் மனைவியையும் விழுங்கிவிட்டது.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: இனி எந்தக் கண்காணிப்புக் கருவிக்கு நாம் பங்களித்தாலும், அது தரும் செய்தியை யார், எந்தச் சொற்களில், எத்தனை நிமிடங்களுக்குள் மக்களிடம் சேர்ப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே பணத்தை விடுவிப்போம்.