பித்தக் காளானிடம் ஏமாந்தவர்கள் சொல்லுங்கள்

கறிவேப்பிலை:
ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்வால்ட் காடு, செப்டம்பர், மழை விட்ட மறுநாள். கூடையில் இருந்த பதினொன்றும் ஸ்டைன்பில்ஸ் என்னும் ருசியான உணவுக் காளான் என்றுதான் நினைத்தேன்; அதைப் போலவே இருக்கும் பித்தக் காளான் என்று தெரியவில்லை. வெங்காயம், மிளகு போட்டு, தேங்காய்ப்பால் விட்டுப் பிரட்டினேன். உப்புப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. மாமி முதல் கவளத்தை வாயில் வைத்தார். விழுங்கவில்லை, துப்பவும் இல்லை. கண்ணில் நீர் முட்ட என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் சமைத்ததாயிற்றே! பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கம் இல்லை, ஓடிப்போய்த் துப்பினார்கள். நான் மட்டும் இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன். சத்தியமாக எனக்குக் கசக்கவில்லை.

மழைவாசி:
நம்ப முடியவில்லை. நகக்கண் அளவு கடித்ததற்கே, நிலவேம்புக் கஷாயத்தைச் சுண்டக் காய்ச்சியது போல மாலைவரை என் நாக்கில் நின்றது. ஜெர்மன் பெயரிலேயே ‘கால்லே’, அதாவது பித்தம், இருக்கிறது. அதிருக்கட்டும், தண்டைப் பார்க்கவில்லையா? ஸ்டைன்பில்ஸில் மெல்லிய வெள்ளை வலை. இதில் பழுப்பு வலை, தடவினால் விரலில் நெருடும். குடைக்கு அடியில் துளைகளும் இளஞ்சிவப்பு.

வடக்குவீதி:
அது முற்றிய பிறகுதான், மழைவாசி. இளசில் இரண்டுக்குமே அடிப்பக்கம் வெள்ளை. நான் அப்படித்தான் ஏமாந்தேன். நறுக்கியபோது ஒன்றில்கூடப் புழு இல்லை; மகிழ்ந்துபோனேன். புழுவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. இந்தக் கசப்பை உணராத நாக்குகளும் உண்டு. கறிவேப்பிலையைப் பொய்யராக்க வேண்டாம்.

சுவிஸ்பாட்டி:
என் கதை சின்னது. ஒன்றே ஒன்று கலந்தது, சட்டி முழுவதும் குப்பைக்குப் போனது. வேகவைத்தாலும் போகாத கசப்பு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடித்துத் துப்பிப் பார்ப்பதை எல்லாக் காளானுக்கும் செய்யாதீர்கள். அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்னும் உயிரைக் கொல்லும் நச்சுக் காளான் கசக்காது. தின்று பிழைத்தவர்கள் ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். வாந்தி தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேலாகும், பிறகு கல்லீரலைப் பிடிக்கும். அதற்குக் குடைக்கு அடியில் துளைகள் இராது, தாள் தாளாக மடிப்புகள் இருக்கும். இங்கே சுவிட்சர்லாந்தில் பல ஊர்களில் காளான் பரிசோதகர் இருக்கிறார், கூடையோடு போய்க் காட்டலாம். பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள், வியர்த்து அழுகிவிடும். அடித்தண்டோடு முழுதாக எடுத்துப் போங்கள்.

கறிவேப்பிலை:
தண்டுகளைக் காட்டிலேயே வெட்டி எறிந்துவிட்டேன், பாட்டி. மாமிக்குத் தண்டு பிடிக்காது.