புதுப்பிப்பு: டீப் ஸ்லீப்புக்குப் போன உடனே விழித்த இஎஸ்பி32 (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இஎஸ்பி32 என்ற சிறு கணினிச் சில்லு உள்ள போர்டை, பட்டனை அழுத்தி டீப் ஸ்லீப்புக்கு (மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஆழ்ந்த உறக்க நிலை) அனுப்பினால் உடனே விழித்துக்கொள்கிறது என்று கேட்டிருந்தேன். "விரலை எடுத்த பிறகு தூங்க விடுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. எக்ஸ்ட்0 விழிப்பு (பட்டன் இணைந்த பின், அதாவது இணைப்பு முனை, வழியாகப் போர்டை எழுப்பும் முறை) அந்தப் பின்னின் மாற்றத்தைப் பார்ப்பதில்லை, நிலையைத்தான் பார்க்கிறது. பட்டன் அழுந்தி அந்தப் பின் லோவில் (குறைந்த மின்னழுத்த நிலை) இருந்தால் தூங்கியதும் எழுந்துவிடும். இப்போது அந்தப் பின் ஹைக்கு (உயர் மின்னழுத்த நிலை) வந்து 50 மில்லி நொடி அப்படியே நின்ற பிறகே தூங்கப் போகிறது.

அப்புறம், எதிர்பாராத ஒன்று. ஒரு தடவை விழித்த பிறகு அதே பட்டனைப் படிக்க முடியவில்லை. இதில்தான் அதிக நேரம் போனது. விழிப்புக்குப் பயன்பட்ட அந்த இணைப்பு முனை, ஆர்டிசி பின்னாகவே (உறக்கத்திலும் இயங்கும் பகுதியோடு இணைந்த பின்) இருந்துவிடுகிறது. நிரலின் தொடக்கத்திலேயே ஆர்டிசி ஜிபிஐஓ டிஇனிட் (rtc_gpio_deinit) என்ற செயற்கூறை அழைத்து, பின்னைச் சாதாரண உள்ளீடாக மாற்றினேன், சரியாகிவிட்டது.